சுற்றறிக்கை வாட்ஸ்அப்பில்... வாட்ஸ்அப்போ தடையில்!

மேலே படிக்கிறதுக்கு முன்னாடி ஒரு சின்ன வேலை. உங்க போனில் மொபைல் டேட்டாவை அணைச்சிட்டு, ஹாஸ்டல் வைஃபையில் மட்டும் இணைந்து, வகுப்புக் குழுவுக்கு ஒரு 'ஹாய்' போட்டுப் பாருங்க. என்ன நடக்கும்னு உங்களுக்கே தெரியும். செய்திக்குப் பக்கத்தில் அந்தக் குட்டிக் கடிகாரம் வந்து உட்கார்ந்துக்கும். டிக் விழாது.

இப்போ டேட்டாவைத் திரும்பப் போட்டு, அதே குழுவில் கடைசியா வந்த பத்துச் செய்திகளைப் பாருங்க. இன்டர்னல் தேர்வு அட்டவணை, லேப் பேட்ச் மாற்றம், தேர்வுக் கட்டணம் கட்டக் கடைசித் தேதி, பிளேஸ்மென்ட் படிவத்தின் இணைப்பு. இதையெல்லாம் போட்டது யார்? நம்ம ஆசிரியர்கள். இல்லேன்னா அவங்க சொல்லி நம்ம சி.ஆர். அறிவிப்புப் பலகையில் ஒட்டின காகிதத்தை யாராவது போட்டோ எடுத்துக் குழுவில் போட்டால்தான் நமக்கே விஷயம் தெரியுது.

அதாவது, கல்லூரி தன் வேலையை வாட்ஸ்அப்பில் நடத்துது. அதே கல்லூரியின் நெட்வொர்க் வாட்ஸ்அப்பை, டெலிகிராமை, டிஸ்கார்டை எல்லாம் தடுக்குது. இந்த முரண்பாட்டைப் பற்றி மெஸ்ஸில் புலம்பாத ஆள் கிடையாது. ஆனால் புலம்பலைத் தாண்டி யாரும் ஒரு கேள்வியை ஒழுங்கா எழுப்பின மாதிரி தெரியலை: இந்தத் தடை எதுக்காகப் போட்டாங்களோ, அந்த வேலையைச் செய்யுதா? நான் சொல்ல வர்றது, செய்யலை. செய்யாததோடு, வேறு சில கெடுதல்களையும் கூட்டிட்டு வருது. பொறியியல் படிக்கிறவங்களுக்குப் பொறியியல் கணக்கோடவே சொல்றேன்.

முதலில் நிர்வாகத்தின் பக்கம்

நியாயமா இருப்போம். தடைக்கு மூணு காரணம் சொல்றாங்க. ஒண்ணு, பேண்ட்விட்த். இரண்டு, படிப்பு கெடுது. மூணு, பாதுகாப்பு: வைரஸ், வதந்தி, ராகிங் மிரட்டல். மூணும் கற்பனைக் காரணங்கள் இல்லை. ஒரு காலத்தில் மூணுமே உண்மையாவும் இருந்தது.

கொஞ்சம் பின்னாடி போவோம். 1996-ல் ஐசிக்யூ வந்தது. 1997-ல் ஏஓஎல் இன்ஸ்டன்ட் மெசஞ்சர், 1998-ல் யாகூ, 1999-ல் எம்எஸ்என் மெசஞ்சர். நம்ம சித்தப்பா, மாமா தலைமுறை பிரவுசிங் சென்டரில் மணிக்கு இவ்வளவுன்னு காசு கொடுத்து 'ஏஎஸ்எல் பிளீஸ்'னு தட்டிக்கிட்டிருந்த காலம். அப்போ பல கல்லூரிகளில் முழு வளாகத்துக்கும் சேர்த்து 2 எம்பிபிஎஸ் லீஸ்டு லைன் இருந்தாலே பெரிய விஷயம். அதில் நாலு பேர் மெசஞ்சர் வழியா கோப்பு அனுப்பினாலோ வெப்கேம் போட்டாலோ, மற்றவங்களுக்கு மின்னஞ்சல் கூடத் திறக்காது. பாதுகாப்புப் பயமும் நிஜம். 2005-ல் கெல்விர், பிரோபியா மாதிரியான புழுக்கள் எம்எஸ்என் மெசஞ்சர் வழியாவே பரவின. நண்பர் அனுப்பின மாதிரி ஒரு இணைப்பு வரும், அழுத்தினால் உங்க கணினி உங்க நண்பர்கள் எல்லாருக்கும் அதையே அனுப்பும்.

தடுக்கிறதும் அப்போ சுலபமாத் தெரிஞ்சது. ஒவ்வொரு மெசஞ்சருக்கும் ஒரு போர்ட் எண் உண்டு. எம்எஸ்என்-க்கு 1863, யாகூவுக்கு 5050, ஏஓஎல்-க்கும் ஐசிக்யூவுக்கும் 5190. ஃபயர்வாலில் மூணு வரி எழுதினால் வேலை முடிஞ்சது. முடிஞ்சதா? இல்லை. மென்பொருள் எழுதினவங்களும் நம்மளை மாதிரிப் பொறியாளர்கள்தானே. தங்களுக்குரிய போர்ட் மூடியிருந்தால், இணையப் பக்கங்கள் போகும் 80-ஆம் எண் போர்ட் வழியா அந்த மெசஞ்சர்கள் வெளியே போகக் கற்றுக்கொண்டன. அந்த 80-ஐ மூடினால் இணையமே மூடிடும். 2005-ல் மீபோன்னு ஒரு தளம் வந்தது. மென்பொருளே நிறுவ வேண்டாம், பிரவுசருக்குள்ளேயே எல்லா மெசஞ்சரும். நிர்வாகிகள் மீபோவைத் தடுத்தாங்க, மாணவர்கள் பிராக்சி தளங்களுக்குப் போனாங்க. பிராக்சியைத் தடுத்தாங்க, புதுப் பிராக்சி வந்தது. இந்தப் பூனை-எலி ஆட்டத்துக்கு நம்ம எல்லாரையும் விட வயசு அதிகம்.

இன்றைக்குத் தடை எப்படி வேலை செய்யுது?

கணினி நெட்வொர்க் பாடத்தில் படிச்சதை ஞாபகப்படுத்திக்கோங்க. இன்றைக்கு ஏறக்குறைய எல்லாச் செயலிகளும் 443-ஆம் போர்ட்டில், குறியாக்கம் செய்யப்பட்ட இணைப்பில்தான் போகுது. வாட்ஸ்அப் 2016 ஏப்ரலிலேயே எல்லா உரையாடலுக்கும் முனைக்கு முனை குறியாக்கம் கொண்டுவந்துட்டது. உள்ளே என்ன இருக்குன்னு கல்லூரி ஃபயர்வாலுக்குத் தெரியாது. உறைக்குள் இருக்கிற கடிதத்தைப் படிக்க முடியாது, உறை மேல இருக்கிற முகவரியை மட்டும் பார்க்கலாம். டிஎன்எஸ் கேள்வி, டிஎல்எஸ் இணைப்பு தொடங்கும்போது வெளியே தெரியும் தளப் பெயர், ஐபி முகவரி - இந்த மூணையும் வைத்துத்தான் 'இது வாட்ஸ்அப், தள்ளு'ன்னு ஃபயர்வால் முடிவு பண்ணுது. பாக்கெட்டுகளின் அளவையும் போக்கையும் வைத்து ஊகிக்கிற விலை உயர்ந்த பெட்டிகளும் உண்டு. ஊகம் ஊகம்தான்.

இந்த முறையின் எல்லை எங்கே இருக்குன்னு பார்க்க ரஷ்யாவைப் பாருங்க. குறியாக்கச் சாவிகளைக் கொடுக்க மறுத்த டெலிகிராமை 2018 ஏப்ரலில் அந்த நாட்டு அரசு தடை செய்தது. டெலிகிராம் தன் சேவையை அமேசான், கூகுள் மேகங்களுக்கு மாற்றி மாற்றி ஓட்டியது. தடுக்கிற துறை துரத்திக்கிட்டே போய் ஒன்றரைக் கோடிக்கும் அதிகமான ஐபி முகவரிகளை மூடியது. சம்பந்தமே இல்லாத கடைகளும் சேவைகளும் விழுந்தன. டெலிகிராம் விழலை. 2020 ஜூனில் தடையை அவங்களே விலக்கிக்கிட்டாங்க. ஒரு பெரிய நாட்டின் அரசு, சட்ட பலத்தோடும் பண பலத்தோடும் இரண்டு வருஷம் முயற்சி பண்ணின கதை இது. நம்ம நெட்வொர்க் அறையில் இருக்கிற இரண்டு சிஸ்டம் அட்மின் அண்ணன்களிடம் இதை எதிர்பார்க்கிறது அவங்களுக்கும் அநியாயம்.

அந்தப் பக்கவிளைவு நம்ம வளாகத்திலும் உண்டு. ஒரு சேவையைத் தடுக்கப் போய், அதே மேகத்தில் இருக்கிற வேறு ஒரு பயனுள்ள தளம் திறக்காமல் போறதைப் பார்த்திருப்பீங்க. டிஸ்கார்டை மூடினால் திறந்த மூல மென்பொருள் குழுக்கள் பலவற்றின் உதவிப் பகுதியும் சேர்ந்து போச்சு. ஹேக்கத்தான் நடத்துறவங்க அறிவிப்பு போடுறதே அங்கேதான்.

பேண்ட்விட்த் கணக்கு

இப்போ முதல் காரணத்துக்கு வருவோம். கணக்கைப் போட்டே பார்த்திடலாம். வளாகத்தில் 3,000 பேர்னு வைங்க. ஒவ்வொருவரும் நாளைக்கு 200 எழுத்துச் செய்தி அனுப்புறாங்க. தலைப்புத் தகவல், குறியாக்கம் எல்லாம் சேர்த்து ஒரு செய்திக்கு 2 கிலோபைட்னு தாராளமாவே வைப்போம். மொத்தம் 6 லட்சம் செய்தி, 12 லட்சம் கிலோபைட். அதாவது ஏறக்குறைய 1.2 ஜிகாபைட்.

இப்போ ஒரே ஒருத்தர் 5 எம்பிபிஎஸ் வேகத்தில் எச்டி வீடியோ பார்க்கிறார். ஒரு மணி நேரத்துக்கு 2.25 ஜிகாபைட். ஆக, 3,000 பேரின் ஒரு நாள் அரட்டை மொத்தமும், ஒருத்தர் அரை மணி நேரம் படம் பார்க்கிறதுக்குச் சமம்!

"செய்தி மட்டுமா போகுது? வீடியோ ஃபார்வர்டு, போட்டோ, வீடியோ கால் எல்லாம் இருக்கே"ன்னு கேட்பீங்க. சரியான கேள்வி. கோப்புகளும் காலும்தான் இதில் எடை. ஆனால் அந்த எடைக்கு மருந்து தடை இல்லை, பங்கீடு. 1 ஜிபிபிஎஸ் இணைப்பில் 200 பேர் ஒரே நேரத்தில் எச்டி வீடியோ பார்த்தால் குழாய் நிறைஞ்சிடும். அது வாட்ஸ்அப் வீடியோவா, வேறு தளத்து வீடியோவான்னு குழாய்க்குத் தெரியாது. ஒருத்தர் எவ்வளவு எடுக்கலாம்னு வரம்பு வைக்கிறதுதான் பொறியியல் தீர்வு. லினக்ஸில் ஆளுக்கு இவ்வளவுன்னு நியாயமாப் பிரித்துக் கொடுக்கிற வரிசை முறைகள் எப்போதோ வந்துவிட்டன. 2018-ல் கெர்னலில் சேர்ந்த 'கேக்' அப்படி ஒண்ணு. பெயர்தான் கேக், வேலை உண்மையிலேயே கேக்கை ஆளுக்கொரு துண்டா வெட்டுறது. காசும் கிடையாது.

இன்னொரு வேடிக்கை. தடை வந்ததும் நாம என்ன பண்றோம்? ஒருத்தன் ஹாட்ஸ்பாட் போடுறான், அறையில் மற்ற மூணு பேரும் அதில் தொத்திக்கிறோம். ஒரு மாடியில் 30 அறைன்னா 30 ஹாட்ஸ்பாட். 2.4 ஜிகாஹெர்ட்ஸ் பட்டையில் ஒன்றோடொன்று மோதாத சேனல்கள் மூணே மூணுதான்: 1, 6, 11. அதில் முப்பது பேர் ஒரே நேரத்தில் கத்தினால், கல்லூரி வைஃபைக்கே காது கேட்காது. பேண்ட்விட்த்தைக் காப்பாத்தப் போட்ட தடை, வைஃபையைக் கெடுக்கிற வேலையைப் பார்க்குது.

படிப்பு கெடுதா?

இரண்டாவது காரணம். அரட்டை படிப்பைக் கெடுக்கும் என்பதை நான் மறுக்கலை. இரவு 11 மணிக்கு ஆரம்பிச்ச மீம் சண்டை 2 மணிக்கு முடிஞ்சு, மறுநாள் முதல் ஹவரில் கண்ணைத் திறந்துக்கிட்டே தூங்கின அனுபவம் எல்லா அறையிலும் உண்டு. ஆனால் அந்தச் சண்டை எதில் நடந்தது? மொபைல் டேட்டாவில். பிரவுசிங் சென்டர் காலத்தில் கல்லூரிக் கணினியை மூடினால் மெசஞ்சரே மூடினதா அர்த்தம். இன்றைக்கு ஆளுக்கொரு சிம் பையில் இருக்கு. வைஃபையில் தடுத்தால் அரட்டை நிற்காது. பாதை மாறும், அவ்வளவுதான்.

அந்தப் பாதை எல்லாருக்கும் ஒரே மாதிரி இல்லை. இங்கேதான் எனக்கு உண்மையிலேயே கோபம் வருது. 2024 ஜூலையில் மூணு பெரிய தனியார் நிறுவனங்களும் அடுத்தடுத்து ரீசார்ஜ் கட்டணத்தை ஏற்றினாங்க. உங்களுக்கோ எனக்கோ அது ஒரு பிரியாணிக் காசாக இருக்கலாம். கல்விக் கடனில் படிக்கிற, வீட்டிலிருந்து மாசம் ஒரு கணக்கோடு பணம் வர்ற நண்பனுக்கு அப்படி இல்லை. பேக் முடிஞ்ச அன்றைக்கு அவனுக்கு வகுப்புக் குழுவும் முடிஞ்சது. நாளைக்கு லேப் தேர்வு காலைக்கு மாறினது அவனுக்கு மட்டும் தெரியாது. பிளேஸ்மென்ட் படிவம் மாலை 5 மணிக்கு மூடினது அவனுக்கு மட்டும் தெரியாது. 'குரூப்ல போட்டோமே, பார்க்கலையா?'ன்னு கேட்பாங்க. ஹாஸ்டல் கட்டணத்தோடு இணையத்துக்கும் சேர்த்துத்தான் அவன் வீட்டில் கட்டியிருக்காங்க. அவன் கட்டின வைஃபையில் அவனுக்கு வரவேண்டிய சுற்றறிக்கை வராது.

காசு இருந்தாலும் சிக்னல் இல்லாத இடங்கள் இருக்கு. தரைத்தளத்து லேப், நூலகத்தின் உள் அறை, ஊருக்கு வெளியே இருக்கிற கல்லூரிகளின் பாதி வளாகம். அங்கேயெல்லாம் வைஃபை ஒண்ணுதான் வழி. வீட்டில் யாருக்காவது உடம்பு சரியில்லைன்னு அம்மா அனுப்புற செய்தியும் அந்த வழியாத்தான் வரணும். அம்மாவுக்கு மின்னஞ்சல் தெரியாது. வாட்ஸ்அப்பில் குரல் பதிவு போடத் தெரியும்.

பாதுகாப்புன்னு சொல்லி...

மூணாவது காரணம்தான் எனக்கு ரொம்பக் கவலை தருது. காரணம், பாதுகாப்புக்காகப் போட்ட தடை நம்மளை எங்கே தள்ளுது? இலவச விபிஎன். மறைக்காதீங்க, பத்தில் எத்தனை பேர் போனில் அந்தச் சாவிப் படம் மேலே ஒளிருதுன்னு உங்க அறையிலேயே எண்ணிப் பாருங்க.

விபிஎன்னு ஒண்ணு போட்டால், உங்க போனின் மொத்தப் போக்குவரத்தும் முன்பின் தெரியாத ஒருத்தரின் சர்வர் வழியாப் போகுது. கல்லூரி அட்மினுக்கு முகவரி தெரியக்கூடாதுன்னு, யாரோ ஒரு கம்பெனிக்கு எல்லா முகவரியையும் கொடுக்கிறோம். 2016-ல் ஆஸ்திரேலியாவின் சிஎஸ்ஐஆர்ஓ உள்ளிட்ட நிறுவனங்களின் ஆய்வாளர்கள் 283 ஆண்ட்ராய்டு விபிஎன் செயலிகளைப் பிரித்துப் பார்த்தாங்க. அதில் 38 சதவீதத்தில் தீம்பொருள் அறிகுறி இருந்தது. 18 சதவீதம் எந்தக் குறியாக்கமும் செய்யவே இல்லை. விபிஎன்னுக்கு அர்த்தமே குறியாக்கம்தானே! 2015-ல் ஹோலா என்ற இலவச விபிஎன்னின் கதை வெளியே வந்தது. அதைப் பயன்படுத்தினவங்களின் இணைப்பையே வேறு ஆட்களுக்கு விலைக்கு விட்டுக்கிட்டிருந்தது அந்த நிறுவனம். யாரோ முகம் தெரியாதவர் உங்க ஐபி முகவரியில் இருந்து எதையாவது செய்தால், கதவைத் தட்டுறது உங்க கதவைத்தான்.

அதே போனில்தான் யுபிஐ இருக்கு. அதே போனில்தான் டிஜிலாக்கரும் ஆதாரும் மார்க் ஷீட்டும் இருக்கு. வாட்ஸ்அப்பில் ஒரு பிடிஎஃப் இறக்கணும் என்பதற்காக 3,000 பேரை இந்தப் பழக்கத்துக்குத் தள்ளின நெட்வொர்க்கைப் பாதுகாப்பான நெட்வொர்க்னு எப்படிச் சொல்றது? அட்மின் பக்கம் நின்று பார்த்தாலும் நஷ்டம்தான். தடைக்கு முன்னாடி எது வாட்ஸ்அப், எது வீடியோன்னாவது அவருக்குத் தெரியும். இப்போ எல்லாமே ஒரே இருட்டுச் சுரங்கம். வளாகத்துக்குள் ஒரு கணினியில் வைரஸ் புகுந்து வெளியே பேசினாலும் அந்த இருட்டில் கண்டுபிடிக்கிறது கஷ்டம்.

வதந்தி, ராகிங் மிரட்டல் பற்றி ஒரு வார்த்தை. அது நடந்தால் ராகிங் தடுப்புக் குழு இருக்கு, யுஜிசி-யின் 24 மணி நேர உதவி எண் இருக்கு, சட்டம் இருக்கு. மிரட்டின செய்தியின் ஸ்கிரீன்ஷாட்தான் அங்கே முதல் சாட்சி. மிரட்டல் மொபைல் டேட்டாவில் வரும், புகார் கொடுக்க வேண்டியவன் வைஃபையில் மாட்டிக்கிட்டு நிற்பான். தடையால் இதில் ஒரு உபகாரமும் இல்லை.

சட்டம் என்ன சொல்லுது?

கோழிக்கோடு பக்கத்தில் ஒரு கல்லூரி ஹாஸ்டலில், மாலை 6 மணி முதல் இரவு 10 மணி வரை போனை ஒப்படைக்கணும்னு விதி போட்டாங்க. ஒரு மாணவி மறுத்தார், ஹாஸ்டலை விட்டு வெளியேற்றினாங்க. அவர் கேரள உயர் நீதிமன்றம் போனார். 2019 செப்டம்பரில் தீர்ப்பு வந்தது. இணையத்தை அணுகுவது கல்வி உரிமையின் பகுதி, அந்தரங்க உரிமையின் பகுதின்னு நீதிமன்றம் சொல்லி, அவரைத் திரும்பச் சேர்க்கச் சொன்னது. அடுத்து 2020 ஜனவரியில், காஷ்மீர் இணைய முடக்கம் பற்றிய அனுராதா பாசின் வழக்கில், உச்ச நீதிமன்றம் இரண்டு முக்கியமான விஷயம் சொன்னது. கட்டுப்பாடு தேவைக்கு ஏற்ற அளவில் இருக்கணும். கட்டுப்படுத்தும் ஆணைகளை வெளியிடணும்.

இதை வைத்து 'கல்லூரி வைஃபையில் வாட்ஸ்அப் என் அடிப்படை உரிமை'ன்னு யாரும் கொடி பிடிக்க வேண்டாம். முதல் வழக்கு போனைப் பிடுங்கி வைக்கிறது பற்றியது. இரண்டாவது அரசின் ஆணை பற்றியது. கல்லூரி வைஃபையில் எதைத் திறக்கிறது என்பது வேறு கேள்வி. ஆனால் அந்த இரண்டு அளவுகோலும் யாருக்கும் பொருந்தும் நல்ல அளவுகோல்கள். தடை தேவைக்கு ஏற்ற அளவில் இருக்கா? எதைத் தடுக்கிறாங்க, ஏன், எவ்வளவு நாளைக்குன்னு எழுத்தில் சொல்லியிருக்காங்களா? நம்ம வளாகத்தில் இரண்டுக்கும் பதில் இல்லை. ஒரு திங்கள்கிழமை காலையில் ஏதோ ஒண்ணு திறக்காது. 'பிளாக் பண்ணிட்டாங்கடா'ன்னு பக்கத்து அறைக்காரன் சொல்லித்தான் தெரியும்.

எங்கே தடை சரி?

எல்லாத் தடையும் தப்புன்னு சொன்னால் நாமளே நம்மளை ஏமாத்திக்கிறோம். ஆன்லைன் தேர்வு நடக்கிற லேப்பில் மெசேஜிங் இருக்கவே கூடாது. அங்கே தேர்வு சர்வரைத் தவிர எதுவுமே திறக்கக் கூடாது. அந்த லேப்பைத் தனி விலேனில் பிரித்து, அனுமதித்த முகவரிகள் மட்டும்னு பட்டியல் போட்டால், நாலு மணி நேரத்துக்கு முழுத் தடை சாத்தியம். தேர்வு முடிஞ்சதும் எடுத்திடலாம். பாட வேளையில் லேப் கணினிகளில் தடுக்கிறதிலும் நியாயம் இருக்கு, சி புரோகிராம் ஓட்ட வேண்டிய இடத்தில் வாட்ஸ்அப் வெப் எதுக்கு? இடமும் நேரமும் சொல்லிப் போடுற தடைக்கு நானே கையெழுத்துப் போடுவேன். ஹாஸ்டல் அறையில் ராத்திரி 8 மணிக்கும் அதே விதிங்கிறதுதான் பிரச்சனை.

ஆகவே நாம கேட்க வேண்டியது

ஒண்ணு: ஹாஸ்டல் வைஃபையிலும் நூலகத்திலும் மெசேஜிங் செயலிகளைத் திறந்துவிட்டு, ஆளுக்கு இவ்வளவு வேகம், நாளைக்கு இவ்வளவு டேட்டான்னு வரம்பு வைங்க. எந்தச் செயலிக்கு அதைச் செலவழிக்கணும்னு நாங்க முடிவு பண்ணிக்கிறோம்.

இரண்டு: எது தடை, ஏன் தடை, எப்போது மறுபரிசீலனை என்பதை ஒரு பக்கத்தில் எழுதிக் கல்லூரித் தளத்தில் போடுங்க. தவறா மாட்டின தளத்தைத் திறக்கச் சொல்லிக் கேட்க ஒரு படிவம் வைங்க.

மூணு: திறக்கும் வரைக்கும், வாட்ஸ்அப்பில் மட்டும் போகிற சுற்றறிக்கை எதுவும் அதிகாரப்பூர்வம் இல்லைன்னு அறிவியுங்க. வைஃபையில் திறக்கிற ஒரு இடத்தில், அது கல்லூரித் தளமோ மின்னஞ்சலோ, அதே சுற்றறிக்கை அதே நேரத்தில் வரணும்.

நாலு: முடிவெடுக்கிற கூட்டத்தில் இரண்டு மாணவர்களை, ஆண்கள் விடுதியிலிருந்து ஒருத்தர், பெண்கள் விடுதியிலிருந்து ஒருத்தர், உட்கார வைங்க.

நம்ம பக்கமும் கடமை இருக்கு. 2 ஜிபி படத்தை மெஸ் நேரத்தில் குழுவில் போடுற பழக்கத்தை விடணும். இலவச விபிஎன்களை இன்றைக்கே அழிக்கணும், தடை எடுத்தாலும் எடுக்காவிட்டாலும். பேக் முடிஞ்ச நண்பனுக்குச் சுற்றறிக்கையை வாய்வார்த்தையாச் சொல்ல சி.ஆர்.கள் ஒரு ஏற்பாடு வைத்துக்கணும். அதுக்கு யார் அனுமதியும் தேவையில்லை.

கடைசியா ஒரு யோசனை. நிர்வாகத்துக்கு நம்ம வாதத்தை விட எண்கள்தான் புரியும். நெட்வொர்க் லேப்பும் இறுதியாண்டு புராஜெக்ட் தேடுற நண்பர்களும் நம்மகிட்ட இருக்காங்க. அட்மின் அண்ணன்களின் அனுமதியோடு ஒரு ஹாஸ்டல் பிளாக்கில் இரண்டு வாரம் மட்டும் திறந்துவிட்டு அளந்து பார்ப்போம். முதல் வாரம் இப்போ இருக்கிற தடையோடு, இரண்டாவது வாரம் தடை இல்லாமல், ஆள்வாரி வரம்போடு. யார் யாரோடு பேசினாங்க என்பதைத் தொடவே கூடாது. மொத்த அளவு, நெரிசல் நேரம், பிங் தாமதம், ஹாட்ஸ்பாட் எண்ணிக்கை, இவ்வளவு போதும். என் கணக்கு தப்புன்னு அந்த எண்கள் சொன்னால், தடையைத் தொடரச் சொல்லி இதே மின்னிதழில் எழுதலாம்.

நான்காம் ஆண்டு நெட்வொர்க் ஆர்வலர்கள் யாராவது இதை எடுத்துச் செய்யத் தயாரா இருந்தால், மின்னிதழ்க் குழுவிடம் பெயர் கொடுங்க. ஒரு பக்கத் திட்டமா எழுதி, இந்த மாசக் கடைசிக்குள் முதல்வரிடம் நேரிலேயே கொடுத்துடுவோம். ஆமா, நேரிலேதான். வாட்ஸ்அப்பில் அனுப்பினால் டிக் விழாது!